மூன்றாம் எண் உலை

ஆகஸ்ட் 30, சனி

வந்து சேர்ந்தேன். பெட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. அம்மா கட்டிக் கொடுத்த காராச்சேவு மட்டும் நொறுங்கி மாவாகியிருந்தது. கரண்டியால் அள்ளித் தின்றேன். ருசிக்குக் குறைவில்லை.

அறை ஐந்து மாடிக்கு மேலே, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு எழுப்பியது. லிஃப்ட் கிடையாது. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொண்ட ஜெரோம் அண்ணன்தான் பெரிய பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். நாகர்கோவில்காரர். நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கும் இதே பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் நான்கு வருடமாக ஆய்வு செய்கிறார். என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மூலமாக அறிமுகம். பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டு, "வெயில்ல அடுப்பு, மழையில மேளம். ஒரு மாசத்துல பளகிரும், பாத்துக்கிடுங்க," என்றார்.

சன்னலைத் திறந்தால் தைபேய். கூரைகள், எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்குப் பின்னால் பச்சை மலை. சாத்தூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் கூரைதான் தெரியும்.

அம்மாவுக்கு வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டினேன். மேலே மட்டும் காட்டவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆய்வகத்தில் முதல் நாள். பேராசிரியர் ஷியே ஒல்லியான மனிதர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குரலே எழும்பாமல் பேசுகிறார். இங்கே படிகம் வளர்க்கிறார்கள். பொடித்த உலோகங்களைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, உலையில் உருக்கி, பிறகு மணிக்கு ஒரு டிகிரியாகக் குளிரவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் சட்டென்று குளிர்ந்தால் படிகம் வராது, வெறும் கட்டிதான். கோவில்பட்டிக் கல்லூரியில் இரண்டு வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். நான்கு உலைகள் வரிசையாக நிற்கும் அறையை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு அங்கே பயிற்சி நவம்பரில்தானாம். அதுவரை படிப்பு, வகுப்பு, மொழி.

என் பெயர் மாரிக்கனி என்றேன். "மாலி?" என்றார்கள். இழுபறிக்குப் பிறகு 'கனி'யில் வந்து நின்றது. வீட்டிலும் அதுதானே.

மூத்த மாணவி வென்லிங். முப்பது வயது. டிசம்பரில் முனைவர் பட்டத் தேர்வு, ஜனவரியில் ஜப்பானில் வேலை காத்திருக்கிறது. இங்கே படிப்பில் மூத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். 'ஷ்யுவேஜியே', அதாவது படிப்பு அக்கா. அக்கா என்று கூப்பிட எனக்கா சொல்லித் தர வேண்டும்? ஆனால் வாய் வரவில்லை. அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்கினால்தானே.

செப்டம்பர் 5

குப்பை வண்டி பியானோ வாசித்துக்கொண்டு வருகிறது. இன்று சாயங்காலம் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து ஐந்து மாடியும் இறங்கி ஓடினேன். தெருவே பையும் கையுமாக நிற்கிறது. குப்பையை அவரவரே வண்டியில் போட வேண்டும். வெந்தது ஒரு வாளி, வேகாதது ஒரு வாளி, மற்றது நீலப் பை.

திரும்ப ஏறி என் குப்பையை எடுத்து வந்தேன். எல்லாம் ஒரே பையில். கீழ்வீட்டு அம்மாள் அதை என் கையிலிருந்து பிடுங்கி, பிரித்து, மாங்கொட்டையை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினார். அது எந்த வாளிக்குப் போகும் என்று நான்கு பேர் விவாதித்தார்கள். வண்டிக்காரர் இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். எந்த வாளியும் இல்லை, நீலப் பை.

சிரித்துக்கொண்டே மேலே ஏறினேன். மூன்றாவது மாடிவரை சிரிப்பு இருந்தது.

செப்டம்பர் 9

மழை. ஜெரோம் அண்ணன் சொன்னது சரி. மேளமேதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வென்லிங் இன்று முழுதும் உலை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். சாப்பிடக்கூட வரவில்லை. என்ன செய்கிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இந்தக் கட்டடத்தில் எங்கே பார்த்தாலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. அச்சடித்ததைப் போன் நன்றாகவே படித்துச் சொல்கிறது. கையால் எழுதியதைக் காட்டினால் உளறுகிறது. ஃப்ரிட்ஜில் இருந்த ஒரு சீட்டுக்கு, 'பால் துக்கமாக இருக்கிறது' என்று பொருள் சொன்னது. எனக்கென்னவோ அந்தப் பாலோடு ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

செப்டம்பர் 24

சைவச் சாப்பாட்டுக் கடை ஒன்று கண்டுபிடித்தேன். நாற்பது வகை காய். தட்டில் வேண்டியதை எடுத்துவைத்தால் எடை போட்டுத் தருகிறார்கள். மூங்கில் குருத்து, கீரை, கத்தரிக்காய், டோஃபு. கடைக்கார அம்மா என் தட்டைப் பார்த்து, சோறு இன்னும் ஒரு கரண்டி வைத்தார். நான் கேட்கவில்லை. முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

மெட்ரோ எனக்கு இப்போது மனப்பாடம். எஸ்கலேட்டரில் வலதுபக்கம் ஒதுங்கி நிற்கிறேன். நேற்று ஒரு தாத்தா என்னிடம் வழி கேட்டார். என்னிடம்! கையைக் காட்டினேன். சரியான திசைதான்.

அக்டோபர் 3, வெள்ளி

நாளை முதல் மூன்று நாள் விடுமுறை, நிலாப் பண்டிகை. நான்கு மணிக்கே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வென்லிங் தெற்கே தன் ஊருக்குப் போயிருக்கிறாள். ஐந்தரைக்கு நான் கிளம்பும்போது யாருமே இல்லை.

கடைசியாகப் போகிறவர்தான் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். கோவில்பட்டியில் துறைத்தலைவர் சொல்லிச் சொல்லி ஏறிய பழக்கம். ஒருமுறை அங்கே ஹீட்டரை விட்டுவிட்டுப் போய் மேசை கருகியது. விளக்கு, ஏசி, சன்னல் எல்லாம் பார்த்தேன். உலை அறையில் மூன்றாம் எண்ணில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடியில் மஞ்சள் சீட்டு, ஒரே கிறுக்கல். போனைக் காட்டினேன். 'தயவுசெய்து அணைக்கவும்' என்று வந்தது. வேலை முடிந்து, யாரோ மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அணைத்தேன்.

பூட்டிவிட்டு வெளியே வந்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது. வந்து ஒரு மாதத்தில் முதன்முதலாக இந்த ஆய்வகத்துக்கு ஒரு வேலை செய்திருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

தெருவெல்லாம் கறி சுடும் புகை. இந்தப் பண்டிகைக்கு வாசலில் அடுப்பை வைத்துச் சுட்டுத் தின்கிறார்கள். கீழ்வீட்டு அம்மாள் என்னையும் முக்காலியில் உட்காரவைத்து, சுட்ட சோளம் கொடுத்தார். பம்பளிமாஸ் தோலைத் தொப்பி மாதிரி உரித்துக் குழந்தைகள் தலையில் கவிழ்க்கிறார்கள். என் தலையிலும் ஒன்று. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இது என்னத்தா கூத்து?" என்று பதில் வந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒன்பது மணிக்கு நான் போனபோது வென்லிங் மூன்றாம் உலைக்கு முன்னால் நின்றிருந்தாள். கையுறைகூட இல்லாமல் வெறும் கையை உலையின் வாயில் வைத்திருந்தாள். வைக்கலாம். திரையில் இருபத்தெட்டு டிகிரி காட்டியது.

பேராசிரியர் வந்தார். சீனத்தில் வெகுநேரம் பேசினார்கள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். வென்லிங்கின் ஆய்வுக்குக் கடைசிப் படிகம் அது. பதினேழு நாள் ஓடியிருக்கிறது, இன்னும் ஏழு நாள் ஓட வேண்டியது. விடுமுறையில் பக்கத்துக் கட்டடத்தில் மின்பராமரிப்பு வேலை நடந்ததாம். இங்கேயும் மின்சாரம் போயிருக்க வேண்டும் என்றார்.

மின்தடை. அப்படித்தான் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ரசம் வைத்தேன். நன்றாக வந்தது.

அக்டோபர் 8

ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளரிக்காய் வாங்கினேன். இங்கே அது முள்முள்ளாக இருக்கிறது, ஆனால் தித்திப்பு. அம்மா கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். குளிர்காலத்துக்குப் போர்வை வாங்க வேண்டும். குடையில் ஒரு கம்பி வளைந்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

ஆய்வகம் காலியாக இருந்த நேரத்தில் அந்த மஞ்சள் சீட்டை அகராதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றே எழுத்து. முதல் எழுத்து 'தயவுசெய்து'. கடைசி எழுத்து 'அணை'. நடுவில் நான்கு கோடு போட்ட ஒரு சின்ன எழுத்து, 'கூடாது' என்று பொருள். அவசரத்தில் எழுதியதால் அது மேலே இருக்கும் முதல் எழுத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. போன் அதை விழுங்கிவிட்டது.

ஜெரோம் அண்ணனிடம் சொன்னேன். பழக்கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையிலிருந்த கொய்யாவைத் திரும்பக் கூடையில் வைத்தார்.

"ஆரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"கேமரா?"

"உலை ரூம்ல இல்ல."

"அப்பம் சும்மா கெடக்கத எதுக்கு எளுப்பி விடுதீங்க? நீங்க வந்து அஞ்சு வாரம் ஆச்சு. மொத வருசமே பேராசிரியருக்கு மனசு கசந்துட்டுன்னா பொறவு அஞ்சு வருசமும் கசப்புதான். கரண்டு போச்சுன்னு அவியளே சொல்லுதாவ. விட்டுருங்க."

அவர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதுவும் ஒரு யோசனைதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

தேசிய நாளை ஒட்டி மறுபடி மூன்று நாள் விடுமுறை. மூன்று நாளும் ஆற்றங்கரையில் நடந்தேன். கொக்குகள் நின்றன. சைக்கிள்கள் போயின. நிறைய நடந்தேன். பசிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பராமரிப்பு அலுவலகத்துக்குப் பேராசிரியர் புகார்க் கடிதம் எழுதியிருந்தார். இன்று காலை அதற்குப் பதிலாக ஓர் ஆளே வந்து நின்றார். கூவோ என்ற மின்பணியாளர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நீலச் சட்டை, இடுப்பில் டெஸ்டர், கையில் வேலைப் பதிவேடு. பதிவேட்டை விரித்து வரிவரியாகத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். இந்தக் கட்டடத்தின் இணைப்பைத் தான் தொடவே இல்லை என்கிறார் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. வென்லிங் குரலை உயர்த்தினாள். அவள் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் மறுபடி முதல் வரியிலிருந்து தொட்டுக் காட்டினார். அவள் தலையை ஆட்டி, உலையைக் காட்டி, மேலும் சத்தமாக ஏதோ கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தொப்பியைப் பார்த்ததும் என் கால் தானாக முன்னே வந்துவிட்டது.

"வோ குவான் த," என்றேன். நான் அணைத்தேன்.

என் உச்சரிப்பு யாருக்கும் புரியவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் சொன்னேன். முதல் முறையே எல்லோருக்கும் புரிந்திருந்தது.

பேராசிரியர்தான் ஆங்கிலத்தில் கேட்டார். "எப்போது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு. நான்தான் கடைசியாகப் போனேன்."

"செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லவில்லை?"

"பயமாக இருந்தது."

வென்லிங் என்னைப் பார்த்தாள். இத்தனை வாரத்தில் முழுதாக என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "பதினேழு நாள்," என்றாள். வெளியே போய்விட்டாள்.

பேராசிரியர் கூவோவின் முன்னால் இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் குனிந்தேன். கூவோ தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னிடம், "மெய் குவான்ஷி," என்றார். பரவாயில்லை. யார் சொல்கிறார் அதை!

மொழிபெயர்ப்பு இன்னும் போனில் இருக்கிறது. எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்திருக்காது, வழக்காடிய மாதிரி இருந்திருக்கும்.

அக்டோபர் 14

பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு மாதம் உலை அறைக்குள் நான் தனியாகப் போகக் கூடாது. அவ்வளவுதான். ஊருக்கு அனுப்புவார் என்று நினைத்துப் பெட்டியைக்கூடக் கண்ணால் அளந்து வைத்திருந்தேன். "விசாரிக்காமல் அந்த மனிதர் மேல் பழி போட்டேன். அது என் தவறு. உன்னுடையது உன்னுடையது," என்றார்.

வென்லிங்கின் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது. ஜப்பான்காரர்கள் மார்ச் வரை காத்திருப்பார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறாளாம். பதில் இன்னும் வரவில்லை.

ஜெரோம் அண்ணன் மீன்குழம்பு கொண்டுவந்தார். சோறும் அவரே வடித்தார். "நான் சொன்னத மறந்துருங்க. எனக்குப் புத்தி அன்னைக்குக் குறுக்கால போச்சு," என்றார். தேங்காய் அரைத்த குழம்பு. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

வென்லிங் மறுபடி தொடங்குகிறாள். பொடி தயார். அதைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, குழாயின் கழுத்தைத் தீச்சுடரில் உருக்கி அடைக்க வேண்டும். அதைச் செய்கிற ஊழியர் இந்த வாரம் விடுப்பு. அவள் தானே செய்து பார்த்தாள். முதல் குழாய் விரிசல் விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஒரு வேலை எனக்குத் தெரியும். மதுரையில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது எங்கள் வழிகாட்டி, "குழாய் அடைக்கத் தெரியாம எவளும் இங்கருந்து பாஸ் பண்ணிப் போக முடியாது," என்று ஒரு பருவம் முழுக்க அடைக்கவிட்டார். என் இடது புறங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

வாசற்படியில் நின்று, "நான் செய்யட்டுமா?" என்றேன்.

அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள்.

கழுத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்ட வேண்டும். குவார்ட்ஸ் வெள்ளையாகி, உள்ளே காற்று இல்லாததால் தானாகச் சுருங்கும். அந்த நொடியில் திருகி இழுத்தால் மெழுகு மாதிரி பிரிந்து வரும். வந்தது. குழாய் ஆறட்டும் என்று காத்திருந்தோம். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

அக்டோபர் 17

மூன்றாம் உலை ஓடத் தொடங்கியது. நவம்பர் 10 வரை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை அளவைக் குறிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வென்லிங் கூட வந்து நின்றால்தான் உள்ளே போகலாம். வந்து நிற்கிறாள். பேசுவதில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நல்லெண்ணெய் கிடைத்தது, ஆனால் வறுத்துப் பிழிந்தது. நாள் முழுக்கத் தலையில் நூடுல்ஸ் வாசம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தது, கூவோ, தொப்பி எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

"ஆறு நாளு வாயத் தொறக்கலயா நீ?"

"தொறக்கல."

"அதான பாத்தேன். அந்த வாரம் பூராம் மூஞ்சிய மட்டும் காமிச்ச, கண்ணக் காமிக்கல. சரி விடு. அந்தப் பிள்ள இன்னும் பேசலயா?"

"இல்லம்மா."

"பேசும். நீயும் பதிலுக்கு உம்முன்னு திரியாத. போக வர 'சாப்ட்டியா'ன்னு கேளு. அதுக்கு யாரும் கோவிக்க முடியாது."

பிறகு மொபைலை மேலே தூக்கச் சொல்லி அறையின் கூரையைப் பார்த்தாள். "தகரமா?" என்றாள். "நம்ம தீப்பெட்டி ஆபீசும் தகரந்தான்," என்றாள்.

அக்டோபர் 21

கேட்டேன். "ச்சி பாவ் ல மா?" சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம், புத்தகத்தில் இருக்கிறது. வென்லிங் திரும்பிப் பார்த்தாள். "எங்கள் ஊரில் வயதான ஆட்கள்தான் இப்படிக் கேட்பார்கள்," என்றாள் ஆங்கிலத்தில். கணினியை மூடிவிட்டு, "இன்னும் இல்லை," என்றாள்.

சைவக் கடைக்குப் போனோம். எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டோம். அவள் என் தட்டைப் பார்த்து, பாகற்காய் எடுத்ததற்கு மட்டும் புருவத்தைத் தூக்கினாள்.

அக்டோபர் 29, புதன்

காலை பதினொன்றுக்கு நிலநடுக்கம். என் வாழ்க்கையில் முதல். பேருந்து பக்கத்தில் போகிறது என்று நினைத்தேன். பிறகு அலமாரிக் கதவுகள் கைதட்டத் தொடங்கின. எல்லோரும் மேசைக்கு அடியில் குனிந்தார்கள். நானும் வென்லிங்கும் மட்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து உலை அறைக்கு ஓடி வாசலில் மோதிக்கொண்டோம். உள்ளே போய் என்ன செய்திருப்போம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. எழுநூற்றுப் பன்னிரண்டு டிகிரி உலையைக் கட்டியா பிடிக்க முடியும்?

அரை நிமிடத்தில் நின்றது. எண் மாறவில்லை. எழுநூற்றுப் பன்னிரண்டு. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"உலையைத் தெரிந்தே யாரும் அணைக்க மாட்டார்கள். நீ ஏன் அணைத்தாய்?" என்று கேட்டாள். பதினாறு நாள் கழித்து.

போனை எடுத்துக் காட்டினேன். அவள் எழுதிய சீட்டின் படம், அதன் கீழே மொழிபெயர்ப்பு. பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

"அன்றைக்கே ஏன் காட்டவில்லை?"

"அணைத்த கை என்னுடையதுதானே?"

"என் எழுத்தைப் பார்த்தாலே என் அம்மா திட்டுவாள். உன் கையெழுத்தால் ஒருநாள் யாராவது சாவார்கள் என்பாள்." சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக வளைந்திருக்கிறது. இத்தனை நாள் தெரியவில்லை. சிரித்தால்தானே தெரியும்.

மத்தியானம் புதுச் சீட்டு அச்சடித்தாள். சீனத்தில், ஆங்கிலத்தில். பிறகு பேனாவை என்னிடம் தந்து, உன் மொழியிலும் எழுது என்றாள். 'அணைக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதினேன். இந்தக் கட்டடத்தில் அதை வாசிக்க நான் ஒருத்திதான். வாசித்துக்கொண்டேன்.

"நன்றி, ஷ்யுவேஜியே," என்றேன். வாய் வந்துவிட்டது.

நவம்பர் 5

ஜப்பானிலிருந்து பதில் வந்தது. மார்ச் வரை காத்திருப்பார்களாம். ஷ்யுவேஜியே எல்லோருக்கும் குமிழி தேநீர் வாங்கித் தந்தாள். ஜவ்வரிசி தொண்டையில் மாட்டி எனக்குப் புரையேறியது. முதுகில் ஓங்கித் தட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள் என்று நினைக்கிறேன். நியாயம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

குழாயை உடைத்தோம். முதலில் சாம்பல் நிறக் கட்டிதான் தெரிந்தது. அவள் ஊசியால் மெல்ல நெம்பினாள். கட்டி பிளந்து, உள்ளே கறுப்புத் தகடுகள். விரல் நகத்தில் பாதி அளவு, ஓரங்கள் கத்தியால் வெட்டிய மாதிரி நேர். சாய்த்தால் மேலே எரியும் விளக்கு அதில் முழுசாகத் தெரிகிறது.

பதினொன்று தேறின. பேராசிரியர் வந்து உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "முந்தையதைவிட நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆனால் இது நன்றாக வந்திருக்கிறது," என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய வார்த்தை என்று அப்புறம் சொன்னார்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு

குளிர். பன்னிரண்டு டிகிரிதான், ஆனால் எலும்புக்குள் ஈரம் இறங்குகிறது. கீழ்வீட்டு அம்மாள் மேலே ஏறிவந்து, என் போர்வையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, தன் வீட்டிலிருந்து ஒரு மெத்தைப் போர்வை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பதிலுக்கு ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டு இருமினார். பிறகு பாத்திரத்தை நீட்டினார்.

அளவீடுகள் முடிந்துவிட்டன. ஷ்யுவேஜியே கடைசி அத்தியாயம் எழுதுகிறாள். நான் வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். இடையிடையே எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். அழகாக எழுத வேண்டும் என்பதற்காக மிக மெதுவாக எழுதிக் காட்டுகிறாள். அவளுக்கே பொறுக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

ஷ்யுவேஜியேவின் தேர்வு. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாம் சீனத்தில். படங்களை வைத்துப் பின்தொடர்ந்தேன். சொற்கள் ஓடும் ஆற்றில் தெரிந்த தலைகள் மாதிரி அங்கங்கே எழுந்தன. உலை. வெப்பநிலை. ஆனால். எனவே.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வெள்ளை முடி அம்மாள், மேசையில் இருந்த ஆய்வேட்டைப் புரட்டி ஏதோ தேதியைத் தொட்டுக் கேட்டார். மற்ற படிகங்களெல்லாம் கோடையில் வளர்ந்தவை, இது மட்டும் ஏன் நவம்பரில் என்று கேட்கிறார் என்று ஊகித்தேன். தரையைப் பார்த்தேன்.

ஷ்யுவேஜியே தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள். பதில் சொன்னாள். யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. போனும் பையில் கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"முதலாவது வீணாகிவிட்டது. இதை நாங்கள் இரண்டு பேரும் வளர்த்தோம்."

தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அறையில் யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றியிருக்காது. எனக்கு அடுத்த பத்து நிமிடம் திரை மங்கலாகத் தெரிந்தது.

தேறிவிட்டாள். தாழ்வாரத்தில் படம் எடுத்தார்கள். தெற்கிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு பெட்டி கொய்யாவோடு வந்திருந்தார்கள். அவள் என்னை இழுத்துப்போய் அவர்கள் முன்னால் நிறுத்தி, ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். நானும் இன்றைக்கு எனக்குச் சீனம் வந்துவிட்டது என்ற தெம்பில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஒன்றுகூட. அவர் பேசியது சீனமே இல்லை, தைவானியம், தெற்கத்திக்காரர்கள் வீட்டில் பேசுகிற வேறு பாஷை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கேள்வி கேட்டார், தானே சிரித்தார், என் புறங்கைத் தழும்பைத் தடவிப் பார்த்தார், மறுபடி எதையோ கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவருக்குத் திருப்தி. என் கைநிறையக் கொய்யாவை வைத்து அழுத்தினார்.

பின்னால் வந்து ஷ்யுவேஜியே என் காதில் சொன்னாள். "சீனப் புத்தாண்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய்."